6.00–16: மலையடிவாரத்துக்கு வந்த ஒரு சக்கர அளவு

மதுரை மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், பேரையூர் வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சமவெளியைப் பார்த்து அமர்ந்திருக்கிறது எழுமலை. உசிலம்பட்டி, பேரையூர் பக்கங்களிலிருந்து இவ்வூருக்கு வருவது தார்ச்சாலை. கிழக்கே தெ. கல்லுப்பட்டி, திருமங்கலம் நோக்கிப் போகப் போகக் கரிசல். மேற்கே மல்லப்புரத்தைத் தாண்டினால் மயிலாடும்பாறைக்கு ஏறும் மலைச்சாலை. இடையில், மழைக்காலத்தில் மட்டும் நீரோடி மற்ற நாட்களில் மணலாய்க் கிடக்கும் ஓடைகள். ஒரே நாளில் இந்த நான்கு தரைகளின் மீதும் உருண்டாக வேண்டிய சக்கரம் எப்படி இருக்க வேண்டும்? கேட்பதற்கு இது பட்டறைக் கேள்வி. ஆனால் இதற்கு இப்பகுதி மக்கள் மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே விடை தேடி வந்திருக்கிறார்கள். அத்தேடலின் வழியே ஓர் உலகப்போரும், இரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்து மடிந்த நம்மவர்களும் வந்து போகிறார்கள். ஆகவே இதை வரலாறாகவே சொல்லிப் பார்க்கலாம் என்று எண்ணுகிறோம்.

வட்டையும் பட்டையும்

ஜீப்புக்கு முன் இங்கே உருண்டது மாட்டுவண்டிச் சக்கரம். நடுவில் குடம், அதிலிருந்து விரியும் ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வளைந்த வட்டை, வட்டையின் மேல் பழுக்கக் காய்ச்சி இறுக்கிய இரும்புப் பட்டை, இருசை விட்டுச் சக்கரம் கழன்றுவிடாமல் காக்கும் கடையாணி. ஏறத்தாழ ஆள் நெஞ்சளவு உயரம். ஆனால் தரையில் படும் அகலமோ இரண்டு மூன்று விரற்கடைதான். இந்த உயரமும் ஒடுக்கமும் தச்சனின் அழகுணர்ச்சியால் மட்டும் வந்தவையல்ல. சக்கரம் உயரமாக உயரமாகக் குழியில் இறங்கும் ஆழம் குறையும். கல்லின் மேல் ஏறும் கோணம் சாயும். மாட்டின் கழுத்துக்கு வலி குறையும். ஒடுக்கமாக இருந்தால் மேலே கிடக்கும் சேற்றை அறுத்துக்கொண்டு அடியிலுள்ள கெட்டித் தரையைத் தேடிப் போகும்.

இதற்கு விலையும் இருந்தது. அத்தனை சுமையையும் அந்த இரண்டு விரற்கடை இரும்பு தாங்கியதால், அது போன வழியெல்லாம் தடம் விழுந்தது. கரிசல் பாதைகளில் அத்தடமே மழைக்காலத்தில் வாய்க்காலானது. சரளைச் சாலைகளையும் புதிய தார்ச்சாலைகளையும் இரும்புப் பட்டை அரைத்துத் தள்ளியது. 1927இல் அமைக்கப்பட்ட ஜெயகர் குழுவும், அதன் தொடர்ச்சியாக 1934இல் உருவான இந்தியச் சாலைகள் பேரவையும் மோட்டார் வாகனத்துக்கேற்ற சாலையைப் பற்றிச் சிந்தித்தபோது, மாட்டுவண்டிச் சக்கரம் அவர்களுக்குத் தீராத் தலைவலியாக இருந்தது. அதே 1930களில் காற்றடைத்த இரப்பர்ச் சக்கரம் பூட்டிய வண்டியை டன்லப் நிறுவனம் இந்தியச் சாலைகளுக்குக் கொண்டுவந்தது. நம் பக்கத்தில் அதற்கு 'டயர் வண்டி' என்றே பெயர். உயரம் பாதியாகக் குறைந்தது; அகலம் கூடியது; அதே மாடுகள் முன்னைவிடக் கூடுதல் பாரத்தை இழுத்தன. உயரத்தைக் கொடுத்து அகலத்தையும் காற்றையும் வாங்கிக்கொண்ட முதல் பேரம் அது.

பாலும் இரப்பரும்

காற்றடைத்த சக்கரத்துக்கு 1840களிலேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் காப்புரிமை பெற்றிருந்தார். ஆனால் அது மறக்கப்பட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் மீண்டும் அதைக் கண்டடைந்தபோதுதான் அது நிலைத்தது. சைக்கிளுக்கு வந்த டயர் மோட்டாருக்கு வந்தது; மோட்டாருக்காக மலாயாவிலும் இலங்கையிலும் காடுகள் இரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் விடியலில் மரம் சீவிய கைகளில் பெரும்பகுதி தமிழ் மாவட்டங்களிலிருந்து கப்பலேறிய கைகள். அகிலன் தமது நாவலுக்குப் 'பால்மரக் காட்டினிலே' என்று பெயரிட்டது அந்த மலேசியத் தோட்டத்துத் தமிழர்களின் வாழ்வை முன்னிட்டுத்தான். டயரின் அளவைப் பற்றிப் பேசும்போது அந்தக் கைகளை மறந்துவிடுதல் தகாது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறோம்.

மதுரைக்கு மோட்டார் வந்த கதையை டி.வி. சுந்தரம் அய்யங்காரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. 1910களில் இப்பகுதிச் சாலைகளில் பேருந்துகளை நேரம் தவறாமல் ஓட்டியவர் அவர். மாட்டின் காலிலிருந்து கழன்று விழும் லாட ஆணிகள் பேருந்தின் டியூபைக் குத்திவிடாதிருக்க, காந்தம் பொருத்திய வண்டி ஒன்றை முன்னே ஓடவிட்டார் என்ற கதை இன்றும் சொல்லப்படுவதுண்டு. இரும்புச் சக்கரத்துக்கு உரிய சாலையில் இரப்பர்ச் சக்கரம் புதிதாக நுழைந்தபோது பட்ட பாட்டை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட இயலாது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தது. உலகின் இயற்கை இரப்பரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஜப்பானியர் வசமாயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சியவற்றுள் முதன்மையானவை இலங்கையும் திருவிதாங்கூர்ப் பகுதியும். அமெரிக்கா செயற்கை இரப்பரை நோக்கி ஓடியது. இங்கே தேய்ந்த டயருக்குப் புதுப் பட்டை ஒட்டி மீண்டும் ஓட்டும் 'ரீட்ரேடு' தொழில் வேர்விட்டது. மதுரையில் 1940களிலேயே டி.வி.எஸ். குழுமம் இத்தொழிலில் இறங்கியது. பெட்ரோல் கிடைக்காத நாட்களில் கரியை எரித்து வாயு தரும் கலன்களைப் பேருந்தின் பின்னால் கட்டி ஓட்டியதும் இதே காலம்தான். தேய்ந்ததைத் தூக்கியெறியாமல் புதுப்பித்து ஓட்டும் மனப்பாங்கு நம் பட்டறைகளுக்கு அந்தப் பஞ்சத்தின் கொடை.

போர்க்களத்திலிருந்து வட்டார அலுவலகத்துக்கு

1940இல் அமெரிக்க இராணுவம் ஓர் இலகுரக வாகனத்துக்காக 135 நிறுவனங்களைக் கேட்டது. பாண்டம் என்னும் சிறு நிறுவனம் குறித்த 49 நாட்களுக்குள் முன்மாதிரியைக் கட்டி முடித்தது. ஆயினும் பேரளவு உற்பத்தி வில்லிஸ், ஃபோர்டு ஆகிய பெரியவர்களிடமே போயிற்று. போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் உருண்டோடின. அவற்றின் டயர் அளவு 6.00–16.

இந்த எண்ணின் பொருள் எளியது. டயரின் குறுக்களவு ஆறு அங்குலம்; அது உட்காரும் இரும்பு வளையத்தின் விட்டம் பதினாறு அங்குலம். முழுச் சக்கரத்தின் உயரம் சுமார் 28 முதல் 29 அங்குலம். இவ்வளவு பெரிய போருக்கு இவ்வளவு சாதாரணமான அளவா என்று வியக்கத் தோன்றும். 1930களின் இறுதியில் அமெரிக்கக் கார்கள் பலவும் பதினாறு அங்குலச் சக்கரத்தில்தான் ஓடின; ஆறு அங்குலக் குறுக்களவும் அவர்களுக்குப் பழகியதே. எங்கும் கிடைக்கும் அளவைப் போருக்கு எடுத்துக்கொண்டார்கள். மாற்றியது பட்டையின் அமைப்பை. முன்னோக்கிப் போனாலும் பின்னோக்கிப் போனாலும் ஒரே அளவு பிடிப்புத் தரும்படி, திசையற்ற நேர்க்கோட்டுக் கட்டைகளை அதன் மேல் அமைத்தார்கள். ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள வண்டிக்கு அந்த ஒடுங்கிய டயர் போதுமானதாக இருந்தது. நம் வண்டிச் சக்கரத்தின் தர்க்கமே இதிலும் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது: உயரமாக இரு, ஒடுங்கியிரு, கெட்டித் தரையைத் தேடு.

1945இல் ஜே.சி. மகிந்திரா, கே.சி. மகிந்திரா சகோதரர்களும் மாலிக் குலாம் முகம்மதுவும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம், 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. பிரிவினையில் குலாம் முகம்மது பாகிஸ்தானுக்குப் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனத்தின் பெயரிலிருந்து அவர் பெயர் விலகியது. சக்கரம் மட்டும் மாறவில்லை. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய பின், வட்டார வளர்ச்சி அலுவலரின் ஜீப் கிராமத்துக்கு அரசாங்கத்தின் உருவமாயிற்று. எங்கள் தலைமுறையின் பெற்றோர் பலருக்கு 'சர்க்கார்' என்றால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து ஆலமரத்தடியில் நிற்கும் ஒரு ஜீப்தான்.

இந்த அளவு நம் ஊர்களில் வேரூன்றியதற்கு இன்னொரு காரணம் உண்டு. உழவு டிராக்டர்களில் பலவற்றின் முன்சக்கரமும் இதே 6.00–16. ஆகவே எந்தச் சிற்றூர் டயர்க் கடையிலும் இந்த எண் கிடைக்கும். இதில் ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. எண் ஒன்றானாலும் டயர் ஒன்றல்ல. டிராக்டரின் முன்டயர் மணிக்கு 30 கி.மீ. போன்ற மெதுவான வேகத்துக்கென வார்க்கப்பட்டது. நீளவாக்கில் ஓடும் அதன் வரிகள் திருப்புவதற்கானவை, பிரேக் பிடிப்பதற்கானவை அல்ல. விலை மலிவென்று அதை ஜீப்பில் மாட்டித் தார்ச்சாலையில் விரைவது உயிரோடு விளையாடுவது.

அகலம் என்னும் ஆசை

அடுத்த மாற்றம் பிரான்சிலிருந்து வந்தது. மிஷெலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர், இந்தியாவில் 1970களின் பிற்பகுதியில் தயாராகத் தொடங்கியது. மகிந்திரா, மாருதி ஜிப்ஸி ஆகியவற்றின் வழியே பதினைந்து அங்குல வளையமும் அகன்ற டயரும் நம் சாலைகளுக்குப் பழகின. டயரின் மேல் எழுதும் மொழியும் மாறியது. 235/75 ஆர் 15 என்றால், அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு. வளையம் 15 அங்குலம். ஒரே பெயருக்குள் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றும் குடியிருக்கும் விந்தை இது. கணக்கிட்டால் முழு உயரம் 733 மில்லிமீட்டர், அதாவது 29 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. பழைய 6.00–16க்கும் இதற்கும் உயரத்தில் பெரிய வேறுபாடில்லை, அகலம்தான் பெருத்தது.

பின்னர் வந்தவற்றையும் இவ்வாறே அளந்து பார்க்கலாம். பொலேரோவின் 215/75 ஆர் 15 சுமார் 703 மி.மீ. உயரம். 2010இல் வந்த தார் வண்டியின் 235/70 ஆர் 16 சுமார் 735 மி.மீ. 2020இல் வந்த புதிய தார் வண்டியில் 245/75 ஆர் 16 என்ற அளவு சுமார் 774 மி.மீ.; 255/65 ஆர் 18 என்ற அளவு சுமார் 789 மி.மீ. 2023இல் வந்த ஜிம்னியின் 195/80 ஆர் 15 சுமார் 693 மி.மீ. வண்டியின் எடை கூடக் கூடச் சக்கரம் வளர்ந்திருக்கிறது. இலகுவான ஜிம்னி மட்டும் பழைய ஒடுங்கிய மரபின் பக்கம் நிற்கிறது.

இன்று ஜீப் வாங்கும் இளைஞர் பலரின் முதல் வேலை டயரை மாற்றுவது. அகன்ற டயர் கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தரையின் கணக்கு வேறு. ஒரு சக்கரத்தின் மேல் 400 கிலோ சுமை இருப்பதாகக் கொள்வோம். காற்றழுத்தம் 28 பி.எஸ்.ஐ. என்றால், அது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. ஆக, தரையில் படும் பரப்பு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அதே டயரில் அழுத்தத்தை 18க்கு இறக்கினால் பரப்பு 315ஐத் தாண்டும். டயர் அகலமோ ஒடுக்கமோ, பரப்பைப் பெரிதும் தீர்மானிப்பது காற்றழுத்தமே. அகன்ற டயர் அந்தப் பரப்பைக் குறுக்கே விரிக்கிறது. உயர்ந்த ஒடுங்கிய டயர் நெடுக நீட்டுகிறது. ஓடை மணலைக் கடக்கப் புது டயர் வாங்க வேண்டியதில்லை. காற்றைக் குறைத்தால் போதும். தார்ச்சாலை ஏறியதும் மறவாமல் மீண்டும் அடைக்க வேண்டும். குறைந்த காற்றில் வேகமாய் ஓடும் டயர் சூடேறி வெடிக்கும்.

கரிசலின் இயல்பு இன்னும் தனி. நனைந்தால் உப்பி, டயரின் வரிகளுக்கிடையே அப்பிக்கொண்டு, எவ்வளவு நல்ல டயரையும் வழுவழுப்பான உருளையாக்கிவிடும் மண் அது. அகலமும் நெருங்கிய வரிகளும் கொண்ட டயர் அங்கே முதலில் தோற்கும். வரிகள் அகல விலகியிருக்கும் 'பட்டன்' டயர் சுழலும்போது மண்ணை உதறிக்கொள்ளும். ஆனால் ஆழ நனைந்த கரிசலில் அடித்தரை என்று ஒன்று கிடைப்பதே இல்லை. அன்று வண்டியை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதே சம்சாரியின் அறிவு. எந்த அளவு டயரும் அந்தப் பொறுமைக்கு மாற்றாகாது.

தினமும் ஓடும் ஜீப்

மலைக்கு அப்பால் தேனி மாவட்டத்தில் ஜீப்பின் வேறொரு முகத்தைப் பார்க்கிறோம். போடி, கம்பம், கூடலூர்ப் பகுதிகளிலிருந்து இடுக்கியின் ஏலத் தோட்டங்களுக்கு விடியுமுன் தொழிலாளரை ஏற்றிச் சென்று மாலையில் இறக்கிவிடும் ஜீப்புகள் அவை. பெரும்பாலும் பெண்கள், மடியில் தூக்குவாளி. அங்கே ஜீப் விளையாட்டுப் பொருளல்ல, கூலிக்குப் போகும் வழி. ஏறும்போது தார், பின்பு தோட்டத்துக் கற்பாதை, இறங்கும்போது மழையும் மூடுபனியும். இவ்வண்டிகளுக்கு டயர் தேர்வதில் முதல் கேள்வி சேறு பற்றியதன்று, சுமை பற்றியது. டயரின் பக்கத்தில் அளவுக்கு அடுத்து இருக்கும் எண் அதைத்தான் சொல்கிறது: 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ. கடைக்காரரும் வாங்குபவரும் கவனிக்காமல் விடும் எண்களில் முதன்மையானது இது. அளவு பெரிதாகிச் சுமை எண் குறைந்த டயர் ஒன்றை மாட்டினால், பார்வைக்கு வலுத்த வண்டி உண்மையில் பலவீனப்பட்டிருக்கும். அதன் விலையைக் கொடுப்பவர் பின்னிருக்கையில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் கூலிக்காரர்.

உயரத்தைக் கூட்டுவதிலும் ஓர் ஏமாற்று உண்டு. 733 மி.மீ. சக்கரத்தை 774 ஆக்கினால் அடிப்பகுதி உயர்வது அதில் பாதி, அதாவது 20 மி.மீ. மட்டுமே, முக்கால் அங்குலத்துக்குச் சற்றே கூடுதல். அதற்கு ஈடாக வேகமானி பொய் சொல்லத் தொடங்கும்: 80 என்று காட்டும்போது வண்டி 84இல் போகும். கியர் ஐந்தரை விழுக்காடு கனத்துப்போகும். மல்லப்புரம் ஏற்றத்தில் எஞ்சின் திணறும். இறக்கத்தில் பிரேக்குக்கு வேலை கூடும். நான்கு சக்கர இயக்கம் உள்ள பழைய ஜீப்புகளில் முன்னும் பின்னும் வெவ்வேறு உயரம் இருந்தால் பற்சக்கரப் பெட்டி ஒன்றையொன்று எதிர்த்து முறுக்கிக்கொண்டு உடையும். ஆகையால் நான்கும், ஐந்தாவதான ஸ்டெப்னியும், ஓரளவாகவே இருக்க வேண்டும். ஸ்டெப்னி என்ற சொல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1904இல் வேல்ஸ் நாட்டின் லனெல்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் விற்ற மாற்றுச் சக்கரம் அது. ஆங்கிலேயர் அச்சொல்லைப் பெரும்பாலும் மறந்துவிட்டனர். நம் பஞ்சர்க் கடைகள் அதைக் காப்பாற்றி வைத்திருக்கின்றன.

சட்டமும் இதில் வாய் திறக்கிறது. பதிவுச் சான்றிதழிலுள்ள உற்பத்தியாளரின் விவரங்களுக்கு மாறாக வாகனத்தைத் திருத்தக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் இதை உறுதி செய்தது. காரின் டயர் வரிகள் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்தால் ஓட்டக் கூடாது என்பதும் விதி. விபத்துக்குப் பின் காப்பீட்டுக்காரர் முதலில் குனிந்து பார்ப்பதும் டயரைத்தான்.

எந்த அளவு?

நாம் கண்டவரை, தினமும் ஓடும் வண்டிக்கு அளவுகோல் ஒன்றுதான்: ஆண்டின் அரிய நாளை மனத்தில் கொண்டு டயர் வாங்கக் கூடாது, பெரும்பாலான நாட்களை மனத்தில் கொண்டு வாங்க வேண்டும். எழுமலையிலிருந்து உசிலம்பட்டிக்கும் மதுரைக்கும் தினமும் போய்வரும் ஜீப் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தாரில்தான் ஓடும். அதற்கு உற்பத்தியாளர் தந்த அளவே ஏற்றது. அதே வண்டிக்கு அந்நிறுவனமே அனுமதித்த அளவுகள் இரண்டு இருந்தால், வளையம் சிறியதும் பக்கச்சுவர் உயர்ந்ததுமானதைத் தேர்வது நல்லது. கல்லில் மோதும்போது வளைந்துகொடுப்பது அந்தச் சுவர்தான். வரிகளில் நடுத்தரமானது போதும். முழுப் பட்டன் டயர் தாரில் இரைந்து, மழையில் வழுக்கி, விரைவில் தேய்ந்துபோகும். மீதித் தொகைக்கு ஒரு காற்றழுத்தமானியும் ஒரு சிறு பம்பும் வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டால், ஓடைக்கும் மலைக்கும் அதுவே கூடுதல் டயர்.

மதுரைக்கு அருகே வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா ஆலை இன்று இருசக்கர வாகனங்களுக்கும், சாலைக்கு வெளியே உழைக்கும் வாகனங்களுக்கும் டயர்களை வார்த்து அயல்நாடுகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. பால் வடித்துக் கொடுக்கக் கப்பலேறிய மண்ணிலிருந்து இன்று டயர் கப்பலேறுகிறது. அந்நாளைய தச்சர் வட்டையை அளக்குமுன், வண்டி எந்த மண்ணில் ஓடப்போகிறது என்று கேட்டுத்தான் உளியை எடுத்திருப்பார். டயர்க் கடையில் நிற்கும் நாமும் விலையைக் கேட்குமுன் அதே கேள்வியை நம்மிடம் கேட்டுக்கொள்வது நல்லது.